அரைச் சுற்றின் விலை

4.88, 5.38. பழைய ஜீப்புக்கு முன் ஆக்சில் மாற்ற நினைப்பவர் காயலான் கடைக்குக் கிளம்புமுன் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவை. முதலாவது, இரண்டாம் உலகப்போருக்காகச் செய்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் ஆக்சில் விகிதம். இரண்டாவது, போர் முடிந்த பிறகு வந்த சி.ஜே. வரிசையினுடையது. மஹிந்திரா 1940-களின் கடைசியில் பம்பாயில் ஜீப் கூட்டத் தொடங்கி, பின்னால் இங்கேயே செய்து விற்ற சி.ஜே.3பி-யும் அந்த வரிசைதான். இரண்டிலும் முன்னால் இருப்பது ஸ்பைசர் 25 என்ற ஒரே ஹவுசிங். வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். உள்ளே கிரவுன் வீலில் ஒன்றுக்கு 39 பல், மற்றதற்கு 43 பல். பினியனில் இரண்டுக்கும் 8.

இந்த நான்கு பல் வித்தியாசத்தைக் கவனிக்காமல் விலை பேசுவதுதான் ஆக்சில் மாற்றத்தில் மிக அதிகமாகச் செலவு வைக்கும் காரியம் என்பது என் கட்சி. அதை ரூபாயில் காட்டிவிடலாம். திருப்பூர்க்காரர்களுக்கு இது பழகிய வேலைதான். ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்லும்போது நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி என்று பைசா வரை பிரித்து எழுதுகிற ஊர் இது. கடைசி வரியில் ரிஜெக்ஷனுக்கு இத்தனை சதவீதம் என்று மறக்காமல் சேர்ப்பார்கள். அதே முதலாளி ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் மட்டும் "ஆக்சில் முப்பதாயிரம், மாட்டுக்கூலி தனி" என்ற ஒற்றை வரிக்குத் தலையாட்டிவிட்டு வருகிறார். அந்த ஒற்றை வரிக்கு ஒரு காஸ்டிங் தாள் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பல் எண்ணிக்கை. கழற்றிக் கிடக்கும் ஆக்சிலைக் கட்டை மேல் ஏற்றி வையுங்கள். பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு, ஹவுசிங்கில் அதற்கு நேராக இன்னொரு கோடு. இரண்டு பக்க ஹப்பையும் ஒரே திசையில் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஐந்தாவது சுற்று முடிய எட்டில் ஒரு பங்கு பாக்கி இருக்கும்போதே பினியன் நின்றுவிட்டால் 4.88. ஐந்து முடிந்து எட்டில் மூன்று பங்கு மேலே போனால் 5.38. நடுவில் இருப்பது சரியாக அரைச் சுற்று. கண்ணுக்குத் தெரியாமல் தப்பிக்க வழியில்லை. ஒரு ஹப்பைப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் சுற்றினால் டிஃபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்கிவிடும், அப்போது இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பூட்டித் திறக்கும் ஹப் இருந்தால் முதலில் அதைப் பூட்டிவிட வேண்டும். மொத்தத்தில் ஒரு டீ குடிக்கும் நேரம். கடைக்காரர் அதற்கும் இடம் தரவில்லையென்றால் "ஏனுங்கண்ணா, கிரவுனில் பல்லு எத்தனைங்க?" என்று கேட்கலாம். பதில் தெரியாதவரிடம் வாங்குவதாக இருந்தால் அந்தத் தெரியாமைக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும்.

பின்னால் 5.38 இருக்கும் ஜீப்பில் முன்னால் 4.88-ஐ மாட்டினால் என்ன ஆகும்? சாலையில் ஒன்றும் ஆகாது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும்போது முன் ஆக்சில் சும்மா உருள்கிறது. ஃபோர் வீல் லீவரைத் தள்ளிய நிமிடத்தில்தான் வினை. பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்ட இரண்டு ஷாஃப்ட். 5.375-ஐ 4.875-ஆல் வகுத்தால் 1.103. பின் சக்கரம் 100 மீட்டர் உருளும் நேரத்தில் முன் சக்கரம் 110 மீட்டருக்கு மேல் உருளப் பார்க்கும். அந்தப் பத்து மீட்டர் எங்கேயாவது வழுக்கித் தீர வேண்டும். சேற்றில் வழுக்கிவிடும், ஓட்டுபவருக்கே தெரியாது. கரட்டுப் பாறையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும் யு ஜாயின்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரிலும் ஏறி, இருப்பதில் மெலிந்தது எதுவோ அது உடையும்.

எல்லா வித்தியாசமும் இவ்வளவு கொடியதல்ல. 45/11 என்றால் 4.091, 41/10 என்றால் 4.1. இரண்டுக்கும் 0.22 சதவீதம்தான் தூரம், 100 மீட்டருக்கு 22 சென்டிமீட்டர். அமெரிக்க பிக்கப்களில் முன்னால் 3.54, பின்னால் 3.55 என்று கம்பெனியே போட்டு அனுப்பியிருக்கிறது. 28 அங்குல டயரில் பட்டன் 8 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 16 மில்லிமீட்டர் போய்விடும், அது 2.25 சதவீதம், மேலே சொன்ன 0.22-ஐப் போலப் பத்து மடங்கு. ஆக்சில் பல்லைச் சரியாக எண்ணிவிட்டு முன்னால் புது டயரும் பின்னால் மொட்டை டயரும் மாட்டிக்கொண்டு மலையேறுபவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

இரண்டு ஆக்சிலையும் 4.88-ஆக மாற்றிவிட்டால் சண்டை தீர்ந்ததா என்றால், ஊர்ந்து ஏறும் வேகம் மாறிவிடும். சி.ஜே.3பி-யில் முதல் கியர் 2.798, லோ ரேஞ்ச் 2.46, ஆக்சில் 5.375, மூன்றையும் பெருக்கினால் 37. போர்க்கால எம்.பி.-யில் 2.665, 1.97, 4.875, பெருக்கினால் 25.6 மட்டுமே. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது சி.ஜே.3பி மணிக்கு 3.6 கிலோமீட்டரில் ஊரும், எம்.பி. 5.2 கிலோமீட்டரில் நடக்கும். போர்க்களத்துக்கு வேகம் வேண்டியிருந்தது, பண்ணைக்கு இழுவை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். சி.ஜே.3பி-யின் இரண்டு ஆக்சிலையும் 4.88-க்கு மாற்றினால் 37 என்பது 33.6 ஆகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் அமைதியாக ஓடும். பாறையில் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏற வேண்டியிருக்கும். திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகக் கோயம்புத்தூர் போய் வரவே ஜீப் என்றால் 4.88 நல்ல பேரம். பள்ளத்திலும் கரட்டிலும் ஏற்றத்தான் ஜீப் என்றால் காசு கொடுத்து இழுவையை விற்றதாக அர்த்தம்.

ஜிப்சி கணக்கு வேறு விதம். மாருதி அதை 1985 டிசம்பரில் 970 சி.சி., 45 குதிரைத்திறன் எஞ்சினோடு கொண்டுவந்தது. அப்போது முன் சக்கரங்களுக்கு நடுவே 1,210 மில்லிமீட்டர், பின்னால் 1,220. வண்டி ஒல்லி, உயரம் அதிகம், வளைவில் சாய்கிறது என்ற பேச்சு இருந்தது. 1993 ஜூலையில் அகல டிராக் ஜிப்சி வந்தது: முன்னால் 1,300, பின்னால் 1,310. இரண்டு ஆக்சிலிலும் 90 மில்லிமீட்டர் கூடுதல், பக்கத்துக்கு 45. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சின், 2000-இல் 16 வால்வும் 80 குதிரைத்திறனும் வந்தன. பழைய ஜிப்சி வைத்திருப்பவர்களுக்கு அகல டிராக் ஆக்சில் மேல் ஆசை வந்தது இயல்பு. சக்கர போல்ட் இரண்டுக்கும் ஒன்றே: 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து, அதாவது ஐந்தரை அங்குலம். வில்லிஸ் ஜீப்பின் அளவும் அதுதான், இன்றைய ஜிம்னியின் அளவும் அதுதான். மாட்டுவதில் இது பெரிய மிச்சம். விகிதமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், சாக்பீஸ் கோடு இங்கேயும் உண்டு.

முன் ஆக்சில் மட்டும் கிடைத்தது, அதை மட்டும் மாற்றினேன் என்பவர்களுக்கு ஒரு கழித்தல். முன்னால் 1,300, பின்னால் 1,220. பக்கத்துக்கு 40 மில்லிமீட்டர் விலகல். மணலிலும் சேற்றிலும் முன் சக்கரம் போட்ட தடத்தில் பின் சக்கரம் விழாமல் தனக்கென்று புதுத் தடம் வெட்டும். அதற்கும் எஞ்சின்தான் உழைக்க வேண்டும். காங்கயம், தாராபுரம் பக்கத்து இட்டேரிகளில் ஓட்டுபவர்கள் வேறொன்றையும் யோசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டிக்கு அளவெடுத்த பாதை. 1,540 மில்லிமீட்டர் அகல ஜிப்சி அங்கே வசதியாக நுழைவதற்குக் காரணமே அதன் ஒல்லித்தனம்தான். டயர் பாடியைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் முள் குத்தும் இடம் டயரின் பக்கச் சுவர், அங்கே பஞ்சர் ஒட்ட முடியாது.

அகலத்தால் உண்மையில் எவ்வளவு லாபம்? புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 700 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக ஒரு கணக்குக்கு வைப்போம். நான்கு சக்கரத்துக்கும் 1,210 டிராக் என்றால் வண்டி பக்கவாட்டில் 40.8 டிகிரி வரை சாய்ந்து நிற்கும், அதற்கு மேல் உருளும். 1,300 என்றால் 42.9 டிகிரி. இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் லாபம். இனிமேல்தான் நம்மவர்கள் செய்யும் வேலை: "ஆக்சில்தான் மாற்றியாச்சே, கையோடு நாலு அங்குலம் தூக்கிடலாம்." 100 மில்லிமீட்டர் தூக்கினால் மையம் 800-க்குப் போகிறது, கோணம் 39.1 ஆகிறது. புது ஆக்சிலுக்குக் காசு கொடுத்து, கழற்றிப் போட்ட பழைய ஆக்சிலைவிட மோசமான இடத்தில் வந்து நிற்கிறோம். இது பாறை மேல் அசையாமல் நிற்கும் வண்டியின் கணக்கு. ஓடும்போது, ஸ்பிரிங் அமுங்கும்போது, உருளும் கோணம் இன்னும் குறையும்.

தூக்குவதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேல் இருக்கும் ஆக்சிலை ஸ்பிரிங்குக்குக் கீழே கொண்டுவருவது பட்டறைகளில் பிரபலமான வேலை. வண்டி எவ்வளவு உயரும் என்பதற்குச் சூத்திரம் சுலபம்: ஆக்சில் குழாயின் விட்டம் கூட்டல் ஸ்பிரிங் பட்டைகளின் கனம். இரண்டரை அங்குலக் குழாய் 63.5, பட்டைக் கட்டு 40 என்றால் 103.5 மில்லிமீட்டர். பாடி உயர்ந்துவிட்டது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது. டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளி மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர். 31 அங்குல டயர் 787. பாதி வித்தியாசம் 60 மில்லிமீட்டர், டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் அதுதான். அதற்கும் விலை உண்டு: வேகமானி மணிக்கு 50 என்று காட்டும்போது வண்டி 59-இல் போகும், இழுவையில் 15 சதவீதம் கழிந்துவிடும். அதை மீட்க ஆக்சில் விகிதத்தை உயர்த்த வேண்டும். சுற்றி வளைத்து மறுபடியும் கிரவுன் பினியன் முன்னால்தான் வந்து நிற்போம்.

100 மில்லிமீட்டர் உயர்வு புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் தெரியும். ஷாஃப்ட் 700 மில்லிமீட்டர் நீளம் என்றால் அதன் சாய்வு ஏறக்குறைய 8 டிகிரி கூடுகிறது. யு ஜாயின்டுக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் வேலை. ஸ்டீயரிங் டிராக் லிங்க்கும் அதே மாதிரி சாய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கைவட்டு தானாகத் திரும்பும்.

காஸ்டர் கோணத்தைப் பற்றிப் பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள், ஆனால் ஓட்டுபவரின் உயிர் அதில்தான் இருக்கிறது. பழைய ஜீப்பில் கிங் பின்னின் தலை 3 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். திரும்பிய பிறகு சக்கரம் தானாக நேராவது அந்தச் சாய்வால்தான். முன் ஸ்பிரிங்கின் நீளம் ஏறத்தாழ 920 மில்லிமீட்டர், ஷாக்கிள் முன்பக்கம். மலிவாகத் தூக்க வேண்டும் என்று 50 மில்லிமீட்டர் நீளமான ஷாக்கிள் போட்டால் வண்டி உயர்வது அதில் பாதி, 25 மில்லிமீட்டர். ஆனால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஆக்சிலும் முன்னால் சாய்ந்து, 3 டிகிரிக்கும் கொஞ்சம் அதிகமாகக் காஸ்டரைத் தின்றுவிடுகிறது. கையில் மிஞ்சுவது பூஜ்யம். அதன் பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தில் முன் சக்கரம் உதறுகிறது என்று டயரைப் பேலன்ஸ் செய்துகொண்டே இருப்பார்கள். ஷாக்கிள் விலை சொற்பம், அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வருவதில்லை.

தார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இன்னும் பெரியது. 2010-இல் வந்த காமன் ரெயில் தாரில் முன்பக்கம் டார்ஷன் பாரோடு கூடிய தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் முழு ஆக்சில். 2020 அக்டோபர் 2-இல் வந்த புதிய தாரிலும் முன்பக்கம் தனித்தனிதான், இரட்டை விஷ்போனும் காயிலும். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது மறு சக்கரத்தைத் தரையோடு அழுத்துவது முழு ஆக்சிலின் குணம். தனித்தனி சஸ்பென்ஷனில் அந்தத் தயவு கிடையாது, சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும். அதனால் பழைய ஜீப்பின் முழு ஆக்சிலைத் தாரில் ஏற்றும் வேலை நடக்கிறது. இது ஆக்சில் மாற்றம் என்ற பெயரில் நடக்கும் பாதி வண்டிக் கட்டுமானம். சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் முன் டிஃபரன்ஷியல், டார்ஷன் பார், விஷ்போன் எல்லாம் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் தாங்கிகளைச் சேஸிஸில் வெல்டிங் செய்ய வேண்டும். சேஸிஸோடு பொருத்திய ராக் ஸ்டீயரிங்கால் மேலும் கீழும் ஆடும் முழு ஆக்சிலைத் திருப்ப முடியாது, ஸ்டீயரிங் பாக்ஸ் தனியாக வேண்டும். சக்கர சென்சார் உள்ள வண்டி என்றால் ஏ.பி.எஸ். விளக்கு அணையாது, பிரேக் பூட்டாமல் காக்கும் வசதியும் போய்விடும்.

புதிய தார் கம்பெனியிலிருந்தே 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 41.8 டிகிரி ஏறுகோணம், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் திறன், 2.48 லோ ரேஞ்ச் ஆகியவற்றோடு வருகிறது. அதை அறுத்து முழு ஆக்சில் வைப்பதைவிட முதலில் டயருக்கும் பின் டிஃபரன்ஷியல் லாக்குக்கும் செலவழிப்பது நல்லது என்பேன். முழு ஆக்சில்தான் வேண்டும் என்று மனம் அடங்காதவர்களுக்கு மாருதி ஜிம்னி 2023 ஜூனிலிருந்து ஷோரூமில் கிடைக்கிறது. முன்னும் பின்னும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங், 210 மில்லிமீட்டர் இடைவெளி, அறிமுக விலை 12.74 லட்சத்திலிருந்து. அங்கே வெல்டிங் இல்லை.

இப்போது காஸ்டிங் தாள். கீழே இருப்பவை சந்தை விலை அல்ல, கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்ட நான் வைத்த எண்கள். பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய ஜீப், விகிதம் பொருந்தாத ஆக்சில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆக்சில், ஒரு ஹப்பிலிருந்து மறு ஹப் வரை, 1: ரூ.30,000
பின் ஆக்சிலோடு ஒத்துப்போகும் கிரவுன் பினியன், 1 செட்: 18,000
பேரிங் 12, சீல் 7 இடம், ஷிம், கேஸ்கெட்: 14,000
பிரேக் சிலிண்டர், ஹோஸ், லைனிங்: 6,000
யு போல்ட் 4, பிளேட் 2, ஸ்பிரிங் சீட் 2: 5,000
டை ராடு, டிராக் லிங்க், எண்டு 4: 7,000
புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் சரிசெய்து பேலன்ஸ்: 5,000
கூலி, 12 ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு 1,200: 14,400
அலைன்மென்ட், ஆயில், சில்லறை: 1,500
கூட்டினால்: 1,00,900
புதிய பாகங்கள் 50,000-க்கு ஜி.எஸ்.டி. 18%: 9,000
அதுவரை: 1,09,900
ரிஜெக்ஷன் 10%: 10,990
மொத்தம்: ரூ.1,20,890

பேரிங் 12 என்பது மிகை அல்ல. ஹப்புக்கு இரண்டு, கிங் பின்னுக்கு மேலும் கீழும் இரண்டு, ஆக மொத்தம் பக்கத்துக்கு நான்கு. டிஃபரன்ஷியல் கேரியருக்கு இரண்டு, பினியனுக்கு இரண்டு. "பேரிங் நல்லாத்தான் இருக்கு, அப்படியே ஓட்டலாம்" என்று பட்டறையில் சொல்வார்கள். பல வருஷம் மழையில் கிடந்த மூடிய நக்கிளுக்குள் என்ன இருக்கிறது என்று திறக்காமல் தெரியாது. பெரும்பாலும் தண்ணீரும் துருவும் கலந்த கிரீஸ்தான் இருக்கும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே விட வேண்டிய இடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை. அதை ஷிம் வைத்து, டயல் கேஜ் பிடித்து அமைக்கத் தெரிந்தவர் எல்லாப் பட்டறையிலும் இருக்க மாட்டார். அவருடைய ஷிஃப்டுக்கு 1,200 என்பதே குறைவு.

தாளைப் பாருங்கள். ஆக்சிலின் பங்கு 30,000, மொத்தத்தில் கால்வாசி. கோயம்புத்தூர் உக்கடத்தின் பழைய உதிரிபாகக் கடைகளில் அரை நாள் நின்று, வாதாடி, அதே ஆக்சிலைப் பாதி விலைக்கு, 15,000-க்கு வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 1,04,390 ஆகிறது, மிச்சம் 16,500. இப்போது வேறு மாதிரி: 30,000-க்கு ஒரு பைசா குறைக்காமல், பல் எண்ணி, விகிதம் பொருந்தும் ஆக்சிலை எடுத்துவிட்டீர்கள். கிரவுன் பினியன் 18,000, அதன் வரி 3,240, இரண்டின் மேலும் ஏறும் ரிஜெக்ஷன், எல்லாம் சேர்ந்து 23,364 ரூபாய் தாளிலிருந்து விழுந்துவிடும். பினியனைப் புதிதாக அமைக்கும் ஷிஃப்டுகளை இதில் நான் கழிக்கவே இல்லை. சாக்பீஸ் கோடு பேரத்தைவிடக் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் அதிகம் சம்பாதிக்கிறது. ஆக்சில் விலை உங்கள் பக்கம் வேறாக இருக்கலாம். ஆக்சில் விலையில் பாதியைவிடக் கிரவுன் பினியன் விலை வரியோடு அதிகமாக இருக்கும் வரை, இந்தக் கணக்கின் திசை மாறாது.

போல்ட் வட்டம் பொருந்தாவிட்டால் தாளில் இன்னொரு வரி ஏறும், அதுவும் ஐந்தால் பெருக்கி. ரிம் நான்கு அல்ல, ஸ்டெப்னியும் சேர்ந்து ஐந்து. முன்னால் ஒரு வட்டம், பின்னால் ஒரு வட்டம் என்று ஓட்டினால் இரண்டு ஸ்டெப்னி வேண்டும்.

வரியில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான். அதற்கு முன் பெரும்பாலானவை 28-இல் இருந்தன. 50,000 ரூபாய் சரக்கு முழுவதும் 28-இல் இருந்ததாக வைத்தால் வரி 14,000, இப்போது 9,000. ஒரு கெட்ட செய்தியும் உண்டு. பில்லை பனியன் கம்பெனி பெயரில் போட்டு அந்த 9,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஆடிட்டரிடம் பிரிவு 17(5)-ஐக் கேட்டுக்கொள்ளலாம். பதின்மூன்று பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனத்தின் பழுதுவேலைக்கும், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கும் அந்த வரவு கிடையாது. காயலான் கடையில் பில்லே கிடையாது என்பதால் 30,000-க்கு அந்தப் பிரச்சினை எழாது. பிறகு ஹவுசிங்கில் விரிசல் தெரிந்தால் யாரைக் கேட்பது என்ற பிரச்சினை மட்டும் எழும்.

இன்னொரு செலவு ரசீதில் வராது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரி 9-இல் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் 'ஒவ்வொரு' என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக்சில், உயரம், டயர், ஸ்டீயரிங், பம்பர் என்று தனித்தனியாக எண்ணினால் ஐந்து, 25,000. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார், அப்போது வரும் தொகைக்கு இந்தத் தாளில் இடம் போதாது. வண்டி வந்தபோது இருந்த அதே வகை ஆக்சிலை, தேய்ந்ததற்குப் பதிலாக மாட்டுவது பழுதுவேலை. அகலம், உயரம், சஸ்பென்ஷன் வகை மாறுவது வேறு கதை. 2014-இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இந்தியா போன்ற போட்டிகளுக்கென்றே அறுத்துக் கட்டிய வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே முறை. அந்த லாரி வாடகையும் காஸ்டிங்தான்.

எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்கும் வழி குறுகல். திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே கண்ணைப் பறிக்கும் மலைகள் இருக்கின்றன. ஆனால் உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது வனக் குற்றம், எந்த ஆக்சிலும் அதற்கு உதவாது. மிச்சம் இருப்பது சொந்தக்காரரின் கொறங்காடு, கைவிட்ட பாறைக்குழி, நிலத்துக்காரரிடம் கேட்டு இறங்கும் ஓடை. இங்கே பெரும்பாலான தடங்களுக்கு நல்ல டயர், சரியான காற்றழுத்தம், விகிதம் பொருந்திய பழைய ஆக்சில் போதும். காற்றைக் குறைக்கச் செலவு பூஜ்யம், திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரசர் வேண்டும்.

மாட்டி முடித்த பிறகும் தாள் மூடாது. புது யு போல்ட்கள் ஸ்பிரிங் பட்டை அமர்ந்ததும் தளரும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் நான்கையும் மறுபடி முறுக்க வேண்டும். புது கிரவுன் பினியன் என்றால் முதல் ஆயிலில் இரும்புத் தூள் கலந்து வரும், அதைச் சீக்கிரம் வடித்து மாற்ற வேண்டும். ஹப் பேரிங்கின் ஆட்டத்தையும் அன்றே பார்த்துவிடலாம். பழைய ஜீப்புக்கு டோ-இன் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டருக்குள் நிற்கிறதா என்று இன்னொரு தடவை அளக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு ஷிஃப்ட்: ரூ.1,200, ஆயில் தனி.